ஃபாஸ்ட் கார்: 35 வருஷம் கழித்து வந்த முதலிடம்

போன மாதம் அக்கா பையனோடு திருச்சி வரைக்கும் காரில் போக வேண்டியிருந்தது. பாட்டு போடும் பொறுப்பு அவனுடையது. விக்கிரவாண்டி டோல் தாண்டியதும் அந்த கிட்டார் வந்தது. முதல் இரண்டு சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரி ஹாஸ்டலில் எவனோ விட்டுப்போன ஒரு கேசட்டில், நாடா தேயத் தேயக் கேட்ட பாட்டு. அந்தக் கனமான, கொஞ்சம் தயங்குகிற பெண்குரலுக்காகக் காத்திருந்தேன். வந்தது ஒரு ஆண்குரல்.

"இது ட்ரேசி சாப்மன் பாட்டுடா" என்றேன்.

"அப்படியா மாமா? அவங்களும் பாடியிருக்காங்களா?"

அந்த 'உம்' இருக்கிறதே, அது திருச்சி வரைக்கும் என்னைக் குத்திக்கொண்டே வந்தது. அவன் மேல் தப்பில்லை. 2023-ல் அவனுக்குப் பதினாறு வயசு. லூக் கோம்ப்ஸ் பாடிய 'ஃபாஸ்ட் கார்'தான் அவன் காதில் முதலில் விழுந்தது. வீடு திரும்பியதும் இதைப் பற்றிக் கோபமாக ஒரு பதிவு எழுதுவது என்று முடிவு செய்து குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். குறிப்பு எடுக்க எடுக்கக் கோபம் இடம் மாறிக்கொண்டே போனது. கடைசியில் எங்கே போய் நின்றது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அசல். ட்ரேசி சாப்மன் 1964-ல் ஒஹாயோ மாநிலத்தின் க்ளீவ்லேண்டில் பிறந்தவர், கறுப்பினப் பெண். உதவித்தொகையில் கனெக்டிகட்டில் ஒரு உறைவிடப் பள்ளியில் படித்து, பிறகு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தார். பாஸ்டன் பக்கம் ஹார்வர்டு சதுக்கத்தில், தெருவில் நின்று கிட்டார் வாசித்துப் பாடியிருக்கிறார். 1988 ஏப்ரலில் எலெக்ட்ரா நிறுவனம் அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. சின்தசைசரும் எதிரொலிக்கும் டிரம்மும் கோலோச்சிய காலம் அது. ஒரு பெண், ஒரு கிட்டார், வறுமையைப் பற்றிய பாட்டுகள் என்பதெல்லாம் அன்றைக்கு விலைபோகும் சரக்கு இல்லை.

ஜூன் 11, 1988. நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த கச்சேரி. மண்டேலா அப்போது சிறையில் இருந்தார். சாப்மன் தன் பங்கைப் பாடி முடித்துவிட்டார். பின்னால் ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டிய நேரத்தில், அவருடைய இசைக்கருவிக்கான ஹார்ட் டிஸ்கைக் காணோம். அது இல்லாமல் அவரால் பாட முடியாது. இடைவெளியை நிரப்ப ஆள் வேண்டும். ஒரே ஒரு கிட்டாரோடு உடனே மேடைக்குப் போகக்கூடியவர் யார்? சாப்மனை மறுபடியும் அனுப்பினார்கள். அவர் 'ஃபாஸ்ட் கார்' பாடினார். உலகம் முழுக்கப் பல கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆகஸ்டில் பாட்டு பில்போர்டு ஹாட் 100-ல் ஆறாம் இடத்துக்கு வந்தது. ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம். அடுத்த வருஷம் கிராமியில் சிறந்த புதுக் கலைஞர் உட்பட மூன்று விருதுகள்.

இந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க் தொலைந்தது அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மைதானத்தில் அன்றைக்கு வேறு யாரை அப்படித் தனியாக அனுப்பியிருந்தாலும் கூட்டம் பேச்சை நிறுத்தியிருக்குமா என்பது சந்தேகம்தான். பாட்டு அப்படி.

பாட்டுக்குள்ளே போவோம். வரிகளை மேற்கோள் காட்டாமல் சொல்லப் பார்க்கிறேன். பேசுகிறவள் ஒரு இளம்பெண். அப்பா குடிகாரர், வேலை செய்ய முடியாத உடம்பு. இந்த வாழ்க்கை போதாது என்று அம்மா போய்விட்டாள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று இவள் படிப்பை விட்டாள். சிறு கடையில் வேலை செய்து கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கிறாள். காதலனிடம் ஒரு கார் இருக்கிறது. நகரத்துக்குப் போய்விட்டால் இரண்டு பேருக்கும் வேலை கிடைக்கும் என்பது திட்டம். போகிறார்கள். இவளுக்கு சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரில் வேலை கிடைக்கிறது, அவனுக்குக் கிடைக்கவில்லை. தற்காலிகத் தங்குமிடத்தை விட்டு வெளியேறலாம், புறநகரில் பெரிய வீடு வாங்கலாம் என்று கனவு. வருஷம் ஓடுகிறது. வேலை நல்ல வேலையாகிறது, பில்கள் எல்லாம் கட்டுகிறாள். அவனோ மதுக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறான், பிள்ளைகளைப் பார்ப்பதைவிட அவர்களைத்தான் அதிகம் பார்க்கிறான். கடைசியில் அவனிடம் சொல்கிறாள்: உன் காரை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இரு.

அப்பாவும் அவனும் ஒரே ஆள் ஆகிவிட்டார்கள். இதை அவள் எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். பாட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அதில் சந்தோஷமான இடம் ஒன்றே ஒன்றுதான், கோரஸ். அது இறந்தகாலத்தில் இருக்கிறது. அவனோடு காரில் வேகமாகப் போன ஒரு ராத்திரி, நகரத்து விளக்குகள், தோளைச் சுற்றி அவன் கை. அந்த வேகத்தை அவள் எதோடு ஒப்பிடுகிறாள் தெரியுமா? போதையோடு. அப்பாவைத் தின்ற போதை, பின்னால் இவனையும் தின்னப்போகிற போதை. வாழ்க்கையின் ஒரே நல்ல ராத்திரியைச் சொல்வதற்கும் அவளிடம் வேறு உவமை இல்லை. பல வருஷம் கேட்டும் இது எனக்கு உறைக்கவில்லை. இந்தக் கட்டுரைக்காக வரிவரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது.

இன்னொன்று, பிரதிப்பெயர். முதலில் இந்தக் கார் நாம் பறந்து போகிற அளவுக்கு வேகமானதா என்று கேட்கிறாள். கடைசியில் அதே கேள்வி, 'நாம்' போய் 'நீ' வந்திருக்கிறது. ஒரு சொல்தான் மாறுகிறது, கல்யாணமே முறிந்துவிடுகிறது. இசையும் இதற்கு ஒத்துழைக்கிறது. நாலு கார்டு கிட்டார் ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது, எங்கேயும் போய்ச் சேர்வதில்லை. காரைப் பற்றிய பாட்டில் நகராத இசை. கோரஸில் டிரம் உள்ளே வரும்போது மட்டும் வண்டி கிளம்புகிறது. பிறகு மறுபடி அதே வட்டம்.

இனி லூக் கோம்ப்ஸ். 1990-ல் வட கரோலினாவில் பிறந்தவர். அப்பா காரில் போட்ட பாட்டுகளில் ஒன்றாக 'ஃபாஸ்ட் கார்' சின்ன வயசிலேயே தன் மனசில் உட்கார்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். மேடைகளில் பாடிப் பாடி, 2023 மார்ச்சில் வந்த 'கெட்டின் ஓல்ட்' ஆல்பத்தில் பதிவு செய்தார். அதற்கு முன்பே கன்ட்ரி வானொலியில் ஒரு டஜனுக்கு மேல் முதலிடம் கண்ட ஆள். மார்ச்சில் ஆல்பம், ஜூலையில் பில்போர்டின் கன்ட்ரி ஏர்ப்ளே பட்டியலில் முதலிடம், அங்கேயே வாரக்கணக்கில். எல்லா வகைப் பாட்டுக்குமான ஹாட் 100-ல் இரண்டாம் இடம் வரை. அசல் தொட்ட ஆறாம் இடத்தைவிட மேலே.

அந்தக் கோடையே ஒரு விநோதமான கோடை. ஆகஸ்ட் 5 தேதியிட்ட ஹாட் 100-ல் முதல் மூன்று இடமும் கன்ட்ரி பாட்டுகள்: ஜேசன் ஆல்டீன், மார்கன் வாலன், லூக் கோம்ப்ஸ். 1958-ல் தொடங்கிய அந்தப் பட்டியலின் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. ஆல்டீன் பாட்டைச் சுற்றிப் பெரிய அரசியல் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சண்டைக்கு நடுவே, ஒரு கறுப்பினப் பெண் இருபத்துச் சொச்சம் வயசில் எழுதிய பாட்டு, தாடி வைத்த வெள்ளைக்காரர் குரலில், அதே வானொலிகளில் சுற்றிக்கொண்டிருந்தது.

கோம்ப்ஸ் பாடியது எப்படி? நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், நன்றாகத்தான் பாடியிருக்கிறார். ஆண் பாடும்போது பொதுவாகச் செய்கிற மாதிரி கதையை ஆணுக்கு மாற்றவில்லை. பில் கவுண்டரில் நிற்பவள் அவர் வாயிலும் பெண்தான். இது சின்ன விஷயம் இல்லை. ஆண்மைதான் சரக்கு என்று விற்கிற ஒரு சந்தையில், அங்கே உச்சத்தில் இருக்கிற ஆள், வேறொருத்தியின் கதையை அவள் கதையாகவே விட்டுவைத்தார். கிட்டார் வரியையும் மாற்றவில்லை.

குறை என்ன? முதல் வரியிலிருந்தே அவர் குரல் பெரிய குரல். சாப்மன் அடக்கி அடக்கிப் பேசுவது போலப் பாடி, கோரஸில் மட்டும் திறப்பார். அந்தத் திறப்புக்கு வெகுநேரம் காக்க வைப்பார். கோம்ப்ஸ் காக்க வைப்பதில்லை. கோரஸ் வரும்போது ஸ்டேடியம் முழுக்கச் சேர்ந்து பாடுவது கண்முன்னே வந்துவிடுகிறது. அசலில் அந்தக் கோரஸ் கொண்டாட்டமே இல்லை, அது ஒரு ஞாபகம். மூன்றாவது தடவை வரும்போது அது வலிக்க வேண்டும். கோம்ப்ஸிடம் மூன்றாவது தடவையும் அது கொண்டாட்டமாகத்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து நிமிஷப் பாட்டில் அரை நிமிஷத்தைக் குறைத்ததைவிட இந்த இழப்பு பெரிது என்று நினைக்கிறேன். அக்கா பையனிடம் கேட்டேன், பாட்டு எதைப் பற்றி என்று. "லாங் டிரைவ் போறதைப் பத்தி" என்றான். பாட்டைப் பல தடவை கேட்டவன்தான்.

சரி, இதுவரை ரசனை. உண்மையில் என்னைத் தோண்ட வைத்தது அந்தப் பட்டியல்தான்.

கன்ட்ரி ஏர்ப்ளே முதலிடம் என்றால் என்ன? அமெரிக்காவின் கன்ட்ரி வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை எத்தனை தடவை ஒலிபரப்பின, அப்போது எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்ற கணக்கு. அதாவது, மக்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட நிலைய நிர்வாகிகள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. 2012 அக்டோபர் வரை கன்ட்ரிக்கான முக்கியப் பட்டியலான ஹாட் கன்ட்ரி சாங்ஸும் இந்த வானொலிக் கணக்கில்தான் ஓடியது. பிறகு அதில் விற்பனையையும் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்தார்கள். வானொலிக்கு மட்டும் ஏர்ப்ளே என்று தனிப் பட்டியல் வைத்தார்கள். ஒன்று வாசல், இன்னொன்று வாசல்காரர்.

2023 ஜூலையில் ட்ரேசி சாப்மன், கன்ட்ரி ஏர்ப்ளேயில் முதலிடம் பெற்ற ஒரு பாட்டைத் தனியாக எழுதிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். 'தனியாக' என்பதை அழுத்திப் படிக்கவும். கூட்டாக எழுதியவர்கள் முன்பே உண்டு. 1980-ல் டாலி பார்ட்டன் பாடி கன்ட்ரியில் முதலிடம் வந்த ஒரு பாட்டை எழுதியதில் டோனா சம்மருக்குப் பங்கு இருந்தது. 1994-ல் ட்ரிஷா இயர்வுட் பாடிய ஒன்றில் ஆலிஸ் ரேண்டலுக்கு. செய்தித்தாள்கள் பல 'முதல் கறுப்பினப் பெண்' என்று மொட்டையாக எழுதிவிட்டன. அந்த இரண்டு பேரையும் அழித்துவிட்டா சாப்மனைக் கொண்டாட வேண்டும்?

1988-ல் இதே பாட்டு கன்ட்ரி பட்டியல் பக்கமே வரவில்லை. யாரும் அதைக் கன்ட்ரி நிலையங்களுக்குக் கொண்டுபோகவும் இல்லை. இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சுரம் அதே, கிட்டார் அதே, கதை அதே. ஏழ்மை, குடி, ஓடிப்போகும் ஆசை, கார் - கன்ட்ரி பாட்டுக்கு வேறென்ன வேண்டும்? அப்படியானால் 2023-ல் அதைக் கன்ட்ரி ஆக்கியது எது? பாடியவர், அவருடைய நாஷ்வில் நிறுவனம், பாட்டு அனுப்பப்பட்ட முகவரி. வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவத்தை நினைத்துப் பார்க்கலாம். 2019 மார்ச்சில் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' ஹாட் கன்ட்ரி சாங்ஸில் நுழைந்த பிறகு, இன்றைய கன்ட்ரியின் கூறுகள் போதுமான அளவில் இல்லை என்று சொல்லி பில்போர்டு அதை நீக்கியது. அந்தப் பாட்டு அப்புறம் ஹாட் 100-ல் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது தெரிந்த கதை. அந்த அளவுகோலை 'ஃபாஸ்ட் கார்' மேல் யாராவது வைத்தார்களா? தேவையே படவில்லை. பாடியவரே கூறு.

இந்தக் கோடு எங்கே போட்டது என்று பார்த்தால் ஒரு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தென் மாநிலங்களில் பதிவு செய்ததைக் கடைக்கு அனுப்பும்போதே இரண்டாகப் பிரித்தன. கறுப்பர்கள் பாடினால் 'ரேஸ்', வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி'. வாசித்தவர்கள் ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் கற்றுக்கொண்டவர்கள்தான். பேஞ்சோவே ஆப்பிரிக்க வேர் கொண்டது. பில்போர்டு 1940-களில் இந்த விற்பனைப் பிரிவினையை அப்படியே பட்டியல்களாக்கியது. 1949-ல் ஒன்றின் பெயர் ரிதம் அண்ட் ப்ளூஸ் ஆனது, இன்னொன்று கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் ஆனது. பெயர்தான் மாறியது.

பிறகு நடந்தவற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல விஷயம் விளங்கும். 1962-ல் ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாட்டுகளை மட்டுமே வைத்து ஒரு ஆல்பம் போட்டார். டான் கிப்சன் எழுதிய 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' ஹாட் 100-லும் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலிலும் முதலிடம். கன்ட்ரி பட்டியலில் ஒரு இடம்கூட இல்லை. 1966-ல் சார்லி ப்ரைடின் முதல் தட்டுகளை அவர் புகைப்படம் இல்லாமல் வானொலிக்கு அனுப்பினார்கள். குரலைக் கேட்டுப் பிடித்த பிறகு முகத்தைப் பார்க்கட்டும் என்று. அவர் பிறகு 29 தடவை கன்ட்ரி முதலிடம் பிடித்தார் என்பதும் உண்மைதான். ஆனால் அவருடைய கடைசி முதலிடம் 1983-ல். அதன் பிறகு ஒரு கறுப்பினப் பாடகர் தனியாக அந்த இடத்துக்கு வர 2008-ல் டேரியஸ் ரக்கர் வரை 25 வருஷம் ஆனது.

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். 2015-ல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், பெண் பாடகர்களின் பாட்டை அடுத்தடுத்துப் போடாதீர்கள், ஆண்கள் சாலட்டின் கீரை என்றால் பெண்கள் தக்காளி மாதிரி, அளவோடு இருக்க வேண்டும் என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார். பெரிய ரகளை ஆனது. அவர் புதிதாக எதையும் சொல்லவில்லை, நடைமுறையில் இருந்ததைத்தான் சொன்னார். கறுப்பினப் பெண் என்றால் இரண்டு பூட்டு. 2024-ல் பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டம்' ஹாட் கன்ட்ரி சாங்ஸில் முதலிடம் வந்தது. ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அது முதல் தடவை. அதே பாட்டு வானொலி மட்டும் எண்ணப்படும் ஏர்ப்ளேயில் முதல் முப்பதுக்குள்கூட நுழையவில்லை. உலகத்திலேயே பெரிய பாடகிக்கே வாசலில் இந்த வரவேற்பு. அதே வருஷம் ஷபூஸி என்ற கறுப்பின இளைஞர் ஏர்ப்ளேயிலும் முதலிடம் வந்தார், அதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. ஆனால் அவர் ஆண்.

ஆக, 2023-ல் பலர் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான்: இதே பாட்டை இன்றைக்கு இருபத்துநாலு வயசுக் கறுப்பினப் பெண் ஒருத்தி எழுதி நாஷ்வில்லுக்கு எடுத்துக்கொண்டு போனால் யாராவது ஒலிபரப்புவார்களா? என் பதில், மாட்டார்கள். அதோடு பதிவை முடித்து, கோம்ப்ஸைத் திருடன் வரிசையில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. பணக் கணக்கைப் பார்த்த பிறகுதான் அதைக் கிழிக்க வேண்டி வந்தது.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. சாதாரண வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால், எழுதியவருக்கும் பதிப்பு உரிமையாளருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டும். பாடியவருக்கும் பதிவு நிறுவனத்துக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் பாட்டைப் போட்டு விளம்பரம் தருகிறோமே, அதுவே கூலி என்பது வானொலிகளின் வெகுநாள் வாதம். அப்படியானால் லூக் கோம்ப்ஸின் 'ஃபாஸ்ட் கார்' கன்ட்ரி வானொலியில் ஓடிய ஒவ்வொரு தடவையும் அந்த ஒலிபரப்புக்கான பணம் போன இடம் எது? பாட்டை எழுதிய, தன் பதிப்புரிமையைத் தன் கையிலேயே வைத்திருக்கிற ட்ரேசி சாப்மன். வானொலி முதலிடத்தால் கோம்ப்ஸுக்கு டிக்கெட் விற்றிருக்கும், பெயர் வந்திருக்கும். நேரடிக் காசு அவருக்கு இல்லை. ஸ்ட்ரீமிங்கில் நிலைமை தலைகீழ், அங்கே பதிவு வைத்திருப்பவருக்குத்தான் பெரிய பங்கு. ஆனால் அங்கேயும் எழுதியவர் பங்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

அதைவிட சுவாரசியம் அனுமதி விஷயம். ஒரு பாட்டு ஒரு தடவை வெளியாகிவிட்டால், அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அதை மறுபடி பாடிப் பதிவு செய்து ஆடியோவாக வெளியிடலாம். எழுதியவரைக் கேட்க வேண்டியதில்லை, சட்டம் சொல்லும் தொகையைக் கட்டினால் போதும். ஒரே நிபந்தனை, அடிப்படை மெட்டையும் பாட்டின் குணத்தையும் மாற்றக் கூடாது. கோம்ப்ஸ் எதையும் மாற்றவில்லை என்று அவரைப் பாராட்டினேன் அல்லவா? பாராட்டு நிற்கட்டும், அதில் கொஞ்சம் சட்டத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

இப்போது இன்னொரு வழக்கு. 2018-ல் நிக்கி மினாஜ், சாப்மனின் 'பேபி கேன் ஐ ஹோல்ட் யூ' பாட்டின் பகுதிகளை எடுத்துத் தன் ராப்போடு சேர்த்து ஒரு பாட்டு செய்தார். அப்படிப் புதுசாக மாற்றிச் செய்ய அனுமதி கட்டாயம். கேட்டார்கள், சாப்மன் மறுத்தார். பாட்டு ஆல்பத்தில் இடம்பெறவில்லை, ஆனால் எப்படியோ நியூயார்க் வானொலி ஒன்றில் ஒலித்தது. சாப்மன் வழக்குப் போட்டார். 2021 ஜனவரியில் 4,50,000 டாலருக்கு முடிந்தது. மறுப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. தன் பாட்டை யாரும் வெட்டி ஒட்டக் கூடாது என்று நினைக்கிற ஆள் அவர்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பட்டது. ஒரு பழைய பாட்டுக்கு மரியாதை செய்ய கன்ட்ரிக்காரருக்குத் தெரிந்த வழி அப்படியே பாடுவது. ஹிப்ஹாப்காரருக்குத் தெரிந்த வழி வெட்டி எடுத்து அதன் மேல் பேசுவது. சட்டம் முதல் வழிக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது, இரண்டாவது வழிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. யாரையும் மனதில் வைத்துப் போட்ட பூட்டு என்று சொல்ல மாட்டேன். 1909-ல் தானியங்கிப் பியானோச் சுருள்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. ஆனால் கறுப்பினப் பெண் எழுதிய பாட்டை வெள்ளை கன்ட்ரி பாடகர் கேட்காமலே எடுக்கலாம், இன்னொரு கறுப்பினப் பெண் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று இங்கே வந்து நிற்கிறது.

சாப்மன் என்ன நினைக்கிறார்? பேட்டி அரிதாகவே தருகிற மனுஷி. பில்போர்டுக்குக் கொடுத்த ஒரு சின்ன அறிக்கையில், கன்ட்ரி பட்டியலில் தன்னைப் பார்ப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனால் பெருமையாக இருக்கிறது, லூக்குக்காகச் சந்தோஷப்படுகிறேன் என்ற அளவில் முடித்துக்கொண்டார். 2023 நவம்பரில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருதுகளில் எழுதியவருக்கான சிறந்த பாடல் விருது அவருக்கு. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர். நாஷ்வில்லுக்கு அவர் வரவில்லை, எழுதி அனுப்பிய நன்றியை மேடையில் வேறொருவர் படித்தார். சிறந்த தனிப்பாடல் விருதை வாங்கிய கோம்ப்ஸ் மேடையிலேயே சாப்மனுக்கு நன்றி சொன்னார்.

அவருக்காக நான் கோபப்படுவது அவரைக் கேட்காமல் செய்கிற காரியம் என்று எனக்குப் புரிய இவ்வளவு நேரம் ஆனது. பாட்டு அவருடையது, பணம் அவருக்குப் போகிறது, பெயர் அவர் பெயர், அவருக்குச் சம்மதம். என் கோபத்துக்கு உரிய இடம் கோம்ப்ஸ் இல்லை. 1988-ல் கன்ட்ரி நிலையத்து மேஜைக்கு அந்தத் தட்டைக் கொண்டுபோக ஒருத்தருக்கும் தோன்றாமல் போனதே, அங்கே. இன்றைக்கும் தோன்றாத இடத்தில். அங்கே பெயர் சொல்லித் திட்ட ஆள் கிடைப்பதில்லை, அதனால்தான் எல்லாரும் பாடகரைத் திட்டுகிறோம்.

2024 பிப்ரவரி 4, லாஸ் ஏஞ்சலஸில் கிராமி விழா. யூடியூபில் நான் குறைந்தது இருபது தடவை பார்த்திருப்பேன். முதலில் கேமரா கிட்டார் கம்பிகளில் ஓடும் விரல்களை மட்டும் காட்டுகிறது. மெல்ல மேலே போகிறது. நரைத்த தலை, சிரித்த முகம். அரங்கம் எழுந்துவிடுகிறது. சாப்மன் முதல் பகுதியைப் பாடுகிறார், பக்கத்தில் நிற்கிற கோம்ப்ஸ் தன் முறை வரும்வரை மைக்கிலிருந்து விலகி, சத்தமில்லாமல் ஒவ்வொரு வார்த்தைக்கும் உதடு அசைக்கிறார். அப்பா கார் ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்து கூடவே முணுமுணுக்கிற பையன் மாதிரி. முடிந்ததும் அவர் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்குகிறார்.

அன்றைக்கு மேடையில் ஒரு விஷயம் கவனித்தேன். கோரஸில் இரண்டு பேரும் சேர்ந்து பாடும்போது கோம்ப்ஸ் தன் பெரிய குரலைக் குறைத்துக்கொள்கிறார். அவருக்கு அடியில் போகிறார். ஆல்பத்தில் கொண்டாட்டமாகப் போன இடம், அன்றைக்குக் கடைசித் தடவை வரும்போது ஞாபகமாகத்தான் இருந்தது. மறுவாரம் அசல் பாட்டு, 1988-க்குப் பிறகு, ஹாட் 100-க்குள் 42-ஆம் இடத்தில் திரும்பி வந்தது.

அந்த வீடியோவை அக்கா பையனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது: "மாமா, கடைசில அவ அவனைப் போகச் சொல்றாளா?"